நண்டுத்திட்டின் முப்பத்தெட்டுக் கூரைகள்

என் வாழ்நாளில் நான் மிகச் சுத்தமாகச் செய்து முடித்த வேலை எது என்று கேட்டால், முப்பத்தெட்டுக் குடும்பங்களை உலகத்தின் கண்ணிலிருந்து மறைத்ததுதான். வேண்டுமென்றே செய்யவில்லை. உதவி செய்யப் போன இடத்தில் அப்படி ஆகிவிட்டது.

ஆவடியில் ராணுவத்துக்குக் கூடாரம் தைக்கும் தொழிற்சாலையில் முப்பத்தாறு வருடம் இருந்தேன். வெட்டும் பிரிவு. பச்சையும் பழுப்புமாகத் திட்டுத்திட்டான துணியை விரித்து, சாக்கட்டியால் கோடு போட்டு வெட்ட வேண்டும். அதைத் தைத்து மலைச்சரிவில் நிறுத்தினால் மலையே ஏமாற வேண்டும். ஓய்வு பெற்ற அன்று மேலதிகாரி மைக்கைப் பிடித்து, "பூபாலன் இங்கே இருந்ததே யாருக்கும் தெரியாது" என்றார். பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஆவடிக்குள்ளேயே, நான் குடியிருக்கும் சேக்காட்டில் காலை நடை. எட்டுப் பேர். நடை ஒரு சுற்று, டீ இரண்டு சுற்று. எங்களில் சுலைமான் மட்டும் திருநின்றவூர்க்காரன். மனை மலிவாகக் கிடைத்தது என்று அங்கே வீடு கட்டிக்கொண்டவன். நடப்பதற்காக மின்சார ரயில் ஏறி ஆவடிக்கு வருகிற ஒரே மனிதன் இந்தியாவிலேயே அவனாகத்தான் இருப்பான். தொழிற்சாலையில் அவன் தையல் பிரிவு. நான் சரியாக வெட்டினதைத் தைப்பான். தப்பாக வெட்டினதைச் சரியாக வெட்டினதுபோல் தைப்பான். அந்த நன்றிக்கடனில்தான் அவன் பேச்சையெல்லாம் இத்தனை வருடம் பொறுத்துக்கொண்டிருக்கிறேன்.

டிசம்பர் முதல் வாரம் புயல் வந்துபோனது. டீக்கடையில் உட்கார்ந்து அரசாங்கம் என்ன செய்திருக்க வேண்டும் என்று மூன்று நாள் விளக்கிய பிறகு, எங்களுக்கே கொஞ்சம் வெட்கமாகிவிட்டது. நிவாரணக் குழு ஆரம்பித்தோம். வாட்ஸ்அப்பில் எட்டு உறுப்பினர், எட்டுப் பேரும் அட்மின்.

பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் நண்டுத்திட்டு என்று ஒரு துண்டு நிலம் இருக்கிறது. கிழக்குப் பக்கத்தைக் கடல் பல வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்தது. புயலன்று இலை போட்டு உட்கார்ந்ததுபோல் ஒரே மூச்சில் முழு வீட்டு வரிசையையும் சாப்பிட்டுவிட்டது. சனங்கள் முன்னாலேயே கரைக்கு வந்து பள்ளிக்கூடத்தில் தங்கிவிட்டதால் உயிருக்குச் சேதமில்லை. திரும்பிப் போனால் வீடு இல்லை. மேற்குப் பக்கம் மட்டும் உயரமான மேடு, கடல் எட்டாத இடம். முப்பத்தெட்டுக் குடும்பமும் அங்கே புதருக்குள் சேலையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குக் கூடாரம் வேண்டும் என்று கேள்விப்பட்டதும் எங்கள் குழுவில் எழுந்த உற்சாகத்தைச் சொல்லி மாளாது. கடைசியில் நமக்குத் தெரிந்த ஒன்றை ஒருவர் கேட்கிறார்!

ஒரு புண்ணியவான் முப்பத்தெட்டு நீலத் தார்ப்பாய் தர முன்வந்தார். நான்தான் மூக்கைச் சுளித்தேன்.

"நீலமா? முப்பத்தாறு வருஷ சர்வீஸுக்கு நீலத் தார்ப்பாயா?"

அந்தத் தார்ப்பாய்களை இன்னொரு குப்பத்துக்கு அனுப்பிவிட்டு, அம்பத்தூரில் மலையேறுகிறவர்களுக்காகக் கூடாரம் செய்கிற ஒரு சின்ன கம்பெனியில் போய் நின்றேன். மீந்த துணி இருந்தது. தண்ணீர் இறங்காத துணி, பச்சை, பழுப்பு, இடையிடையே காய்ந்த புல் நிறம். ராணுவத்து அச்சு கிடையாது, அதை வெளியாட்கள் தொடக்கூடாது. ஆனால் பார்த்தவுடனே தெரிந்தது, தூரத்துச் சொந்தம் என்று. முதலாளி அத்தனையையும் இனாமாகத் தூக்கிக் கொடுத்தார். நான் வெட்ட, சுலைமான் தைக்க, ஒரே வாரத்தில் முப்பத்தெட்டுக் கூடாரம். இரட்டைத் தையல்.

திட்டுக்குப் போய் இறங்கினோம். அங்கே கொம்பு நடத் தொடங்கியவர்கள் நேர் வரிசையாக நட்டார்கள். எனக்குப் பதறிவிட்டது.

"வரிசையா போடாதீங்க! மேல இருந்து பார்த்தா கோடு தெரிஞ்சிடும். அந்த மரத்தடிக்குத் தள்ளுங்க. கிளையை வெட்டாதீங்க, கூடாரத்து மேலயே சாய்ச்சு விடுங்க."

திட்டின் மகளிர் குழுத் தலைவி அங்கம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார். ஐம்பது வயது. பேசினால் அக்கரையில் இருப்பவர் பதில் சொல்வார், அப்படி ஒரு குரல்.

"மேல இருந்து ஆரு அண்ணாத்தே பாக்கப் போறாங்கோ?"

யோசித்தேன். எதிரி விமானம் என்று சொல்ல வாய் வரவில்லை.

"அது ஒரு முறைம்மா."

"தங்கச்சி, நீ கம்முனு இரு," என்றான் சுலைமான். "அவரு உங்க மேல ஆரும் குண்டு போடாம காப்பாத்திக்கினு கீறாரு."

வேலை முடிந்து படகில் ஏறி இருநூறு அடி வந்ததும் திரும்பிப் பார்த்தேன். கூடாரம் ஒன்றுகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. மேடு, புதர், பனைமரம், அவ்வளவுதான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "பார்த்தியா சுலைமான், ஒண்ணுமே தெரியல!" என்று அவன் முதுகில் தட்டினேன். அவனும் என் முதுகில் தட்டினான். இரண்டு முட்டாள்கள் ஏரி நடுவில் ஒருவரை ஒருவர் பாராட்டிக்கொண்டோம்.

பன்னிரண்டு நாள் கழித்து, ஒரு புதன்கிழமை காலையில் அங்கம்மா போன் செய்தார்.

"அண்ணாத்தே, நாங்க இன்னா செத்தா பூட்டோம்?"

"ஐயோ, என்னம்மா ஆச்சு?"

"லிஸ்ட்டு ஒட்டிக்கீறாங்கோ. நண்டுத்திட்டுன்னு போட்டு, ஆளு ஆரும் இல்லன்னு எழுதிக்கீறாங்கோ. போன வாரம் மேல ஒண்ணு வண்டு மாரி பறந்துச்சே, அது படம் புடிச்சிச்சாம். படத்துல ஒரு ஊடும் இல்லியாம். வெறும் பொதருதானாம்."

விஷயம் இதுதான். ஆட்கள் இன்னும் குடியிருக்கிற திட்டுகளில் அரசாங்கத்தார் தூண் வைத்து உயர்த்தின வீடும், படகு கட்ட ஒரு துறையும் கட்டித் தரப் போகிறார்கள். ஆள் இல்லாத திட்டுக்கு ஒன்றும் கிடையாது. அந்தக் குடும்பங்களுக்கு உள்நாட்டில், ஏரியைவிட்டு இருபது கிலோமீட்டர் தள்ளி அடுக்குமாடியில் வீடு.

"அங்க போயி வலைய எங்க போடறது, மொட்ட மாடி தண்ணித் தொட்டியிலயா?" என்றார் அங்கம்மா. "நான் போயி மனு எழுதிக் குடுத்துட்டு வந்தேன். இன்னொருவாட்டி படம் புடிக்கிறாங்களாம். படம் புடிக்கிற பொண்ணு நம்பரு தரேன், நீயே பேசு. நீதானே அந்த முறையெல்லாம் தெரிஞ்சவரு."

கடைசி வாக்கியம் ஊசி மாதிரி இறங்கியது.

ட்ரோன் பறக்கவிடும் அந்தப் பெண்ணின் பெயர் கவிப்பிரியா. சின்ன வயது, மரியாதையான குரல்.

"சார், அந்தத் திட்டு மேல மூணு தடவை பறக்கவிட்டேன். பனைமரம், புதர், ரெண்டு ஆடு. ஆட்டைக்கூட பார்த்தேன் சார், கூடாரத்தைப் பார்க்கல. இத்தனைக்கும் பெரிசாக்கிப் பார்த்தேன். யார் சார் போட்டது அது?"

என் வேலையின் தரத்தைத் தொழிற்சாலைக்கு வெளியே ஒருவர் புகழ்வது அதுதான் முதல் தடவை. கை நீட்டி வாங்கிக்கொள்ள முடியாத நிலை.

"யாரோ நல்ல வேலைக்காரங்கம்மா," என்றேன்.

"சனிக்கிழமை காலையில எட்டு மணிக்கு மறுபடி எடுப்பேன் சார். அதான் கடைசி. பதினாலு திட்டு இருக்கு எனக்கு, ஒவ்வொண்ணுலயும் இறங்கிப் பார்க்க முடியாது, பார்த்தாலும் படம்தான் கணக்கு. கூரை தனித்தனியா பளிச்சுன்னு தெரியணும். ஒரு கூரைக்கு ஒரு குடும்பம். வெள்ளை மட்டும் போட்டுடாதீங்க, மணலும் வெள்ளை, கலந்துடும்."

என் மனைவி சரசா சமையலறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஏங்க, நீலத் தார்ப்பாய் குடுத்தாரே ஒருத்தர், அதெல்லாம் எங்க?"

"வேற ஊருக்கு அனுப்பிட்டோம்."

"ஏன்?"

"நீலமா இருந்துச்சு."

சரசா ஒன்றும் சொல்லவில்லை. கல்யாணமாகி முப்பத்தைந்து வருடத்தில் அவள் ஒன்றும் சொல்லாத தருணங்களைத்தான் நான் நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறேன்.

சுலைமானும் நானும் வண்டியை எடுத்துக்கொண்டு தார்ப்பாய் தேடிப் போனோம். ஆவடியில் இல்லை. அம்பத்தூரில் இல்லை. பூந்தமல்லியில் ஒரு கடைக்காரர் சிரித்தேவிட்டார். "புயலுக்கு முன்னாடி வந்திருக்கணும் சார். எல்லாம் வித்துப்போச்சு, பொங்கல் கழிச்சுதான் லோடு வரும்." அங்கம்மாவிடம், இருக்கிற சேலையையாவது கூரை மேல் விரிக்க முடியுமா என்று கேட்டேன். "ஆளுக்கு ரெண்டு சீலதான் மிஞ்சிக்கீது. ஒண்ண கட்டிக்கினு கீறோம், ஒண்ணு காயுது. எத்த விரிக்கட்டும், சொல்லு," என்றார். போனை வைத்துவிட்டேன்.

மத்தியானம் சரசா கூப்பிட்டாள்.

"ஏங்க, நான் கீரை வாங்க வந்தேன். பஸ் ஸ்டாப்ல ஒரு காதுகுத்து முன்னாடி நிக்கிறேன்."

"யாருக்குக் காதுகுத்து?"

"அது யாருக்கோ. பேனரைச் சொல்றேன். பத்தடிக்கு எட்டடி. தண்ணி உள்ள இறங்காது. செவப்பு, மஞ்சள், ஊதா எல்லாம் இருக்கு. வானத்துலேர்ந்து பார்த்தா குருடனுக்கும் தெரியும்."

போய்ப் பார்த்தேன். நடுவில் ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது. அதைச் சுற்றி வட்டமாக நாற்பத்தொரு தாய்மாமன்கள், அத்தனை பேரும் கறுப்புக் கண்ணாடி. பின்னணியில் நெருப்புப் பறந்தது. முப்பத்தாறு வருடம் எந்த மாதிரித் துணியை ஒழித்துக்கட்டுவதற்காகச் சம்பளம் வாங்கினேனோ, அது கம்பீரமாக எதிரில் தொங்கியது.

விழா முடிந்த பேனர் எந்த வீட்டிலும் சும்மாதான் சுருண்டு கிடக்கும். கேட்டவுடன் கொடுத்தார்கள். கொடுத்ததோடு நிற்கவில்லை, நிபந்தனையும் போட்டார்கள். காதுகுத்துக்காரர், குழந்தையின் முகம் கிழக்கே பார்த்து இருக்க வேண்டும் என்றார். எங்கள் தெரு யுவராணி தன் கல்யாண பேனரைக் கொடுத்துவிட்டு, சுலைமானைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணே, வலது ஓரத்துல எங்க நாத்தனாரு இருக்காங்க. அந்தப் பக்கம் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தியா மடிச்சுத் தெச்சிடுங்க," என்றாள்.

"எவ்ளோம்மா, ஒரு இஞ்சு?"

"முழு நாத்தனாரும் உள்ள போகணும்ணே."

பேனர் அச்சடிக்கும் தேவராஜ் தன் கடையில், ஆர்டர் கொடுத்துவிட்டு யாரும் எடுத்துப் போகாத பன்னிரண்டைத் தூக்கிப் போட்டான். கூடவே நாலு கண்ணீர் அஞ்சலியும் இருந்தது. அதை விரிக்கலாமா என்று அங்கம்மாவைக் கேட்டேன்.

"செத்தவங்க படம் வேணாம் அண்ணாத்தே. ஏற்கெனவே எங்கள இல்லன்னு எழுதிக்கீறாங்கோ. மேல அத்த வேற விரிச்சா, சரியாத்தான் எழுதினோம்னு சொல்லிடுவாங்கோ."

வியாழக்கிழமை முழுக்கச் சேக்காட்டில் எங்கள் குடியிருப்பின் பூப்பந்து மைதானத்தில் உட்கார்ந்து, ஓரம் மடித்துத் தைத்து, ஓட்டை போட்டுப் பித்தளை வளையம் அடித்தோம். சாயங்காலம் எண்ணினால் முப்பத்தேழு. ஒன்று குறைந்தது. தெருவெல்லாம் கேட்டாயிற்று.

சரசா உள்ளே போய், கட்டிலுக்குப் பின்னாலிருந்து ஒரு சுருளை எடுத்து வந்து என் எதிரில் வைத்தாள்.

"அது வேணாம்," என்றேன்.

"எது மாமே அது?" என்று கேட்டுக்கொண்டே சுலைமான் பிரித்துவிட்டான். அவனுக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் அச்சடிக்கக் கொடுத்ததே அவன்தான். என் அறுபதாம் கல்யாணத்துக்கு நண்பர்கள் சார்பாக. பன்னிரண்டடிக்கு எட்டடி. நான் மாலையோடு நிற்கிறேன், நிஜத்தைவிட மூன்று மடங்கு வெள்ளையாக. கழுத்து எனக்கு இல்லாத கழுத்து. பக்கத்தில் ஒரு சிங்கம், என்னைப் பார்த்துக் கொஞ்சம் ஒதுங்கினாற்போல் நிற்கிறது. மேலே பொன் எழுத்தில் 'கூடாரக் கோமானே!' அன்று முழுக்க நான் மண்டபத்து வாசல் பக்கம் போகாமல், சமையல்கட்டில் நின்றுகொண்டிருந்தேன்.

"இதை மேல விரிச்சா ஊரே சிரிக்கும்."

"ஊரு அன்னிக்கே சிரிச்சாச்சு," என்றாள் சரசா. "வளையம் அடிங்கண்ணே."

வெள்ளிக்கிழமை குட்டியானை வண்டியில் ஏற்றிப் பழவேற்காடு போய், படகு பிடித்துத் திட்டுக்குச் சேர்ந்தோம். மணலில் முப்பத்தெட்டையும் விரித்துவிட்டோம். சனங்கள் நடுவில் நடந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்து விசாரித்தார்கள். இந்தப் பொண்ணு எந்த ஊரு? இந்தப் புள்ள ஏன் அழுவுது? இத்தனி மாமனும் ஒரே கடையில கண்ணாடி வாங்கினானுங்களா?

எதை யார் எடுப்பது என்று சண்டை வரப் பார்த்தது. எல்லோருக்கும் கல்யாணப் பெண்தான் வேண்டும். அங்கம்மா கையைத் தட்டினார். "ஏரியில எடம் பிரிக்கிற மாரி பிரிச்சிக்கலாம்." ஏரியில் யார் எந்த இடத்தில் வலை போடுவது என்று அவர்கள் சீட்டுப் போட்டுத்தான் முடிவு செய்வார்களாம், வந்த சீட்டுக்கு மறுபேச்சு கிடையாதாம். துண்டுக் காகிதத்தில் எண் எழுதி, ஒரு சொம்பில் போட்டுக் குலுக்கினார்கள். அங்கம்மாவுக்கு யுவராணி கிடைத்தாள். நான் ஒரு வலைக்காரருக்குப் போனேன். அவர் என் பேனரின் முன்னால் நெடுநேரம் நின்றார். மறுபேச்சு பேசக்கூடாது என்பதால் வாயை மூடிக்கொண்டே அழுவதுபோல் பார்த்தார்.

"இன்னாடா?" என்றார் அங்கம்மா.

"ஒண்ணும் இல்லக்கா. ஆடு சிங்கத்தப் பாத்தா பால் வத்திடுமோன்னுதான்."

"குடு. என் கல்யாணப் பொண்ண நீ எடுத்துக்க. நான் இந்த அண்ணாத்தேய வெச்சிக்கிறேன்." என் பக்கம் திரும்பினார். "கோச்சிக்காத நைனா. ஆட்டுக்கு மூஞ்சி பாக்கத் தெரியாது."

சாயங்காலத்துக்குள் கிளைகளை வெட்டி, கூடாரங்களைத் திறந்த வெளிக்குத் தள்ளி, ஒவ்வொன்றாக விரித்துக் கட்டினோம். அங்கம்மாவின் கூடாரம் மட்டும் ஓரமாக, முள் அடர்ந்த ஒரு பெரிய உடைமரத்தடியில் இருந்தது. "இதை நான் பார்த்துக்கறேன்," என்று சொல்லி மற்றவர்களை அனுப்பிவிட்டேன். சின்னக் கிளைகளை வெட்டினேன். நீளமாகச் சாய்ந்திருந்த ஒரு பெரிய கிளையை மட்டும் விட்டுவிட்டேன். நிழலுக்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தக் கிளை மிகச் சரியாக என் முகத்தின் மேலும் சிங்கத்தின் மேலும் வந்து படுத்தது. மற்றது கொஞ்சம் தெரிந்தால் போதுமே, கூரைதானே என்று நினைத்தேன். தள்ளி நின்று பார்த்தேன். நல்ல வேலை.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு நான் திட்டில் இருந்தேன். சுலைமான் கரையில், கவிப்பிரியாவின் பக்கத்தில் நின்றுகொண்டு என்னோடு போனில். சனங்கள் முழுக்க மணலில் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். வண்டு சத்தம் கேட்டது. அதைப் பார்த்து எல்லோரும் கையை ஆட்டினார்கள்.

"மாமே, சூப்பரா கீது மாமே! பொருட்காட்சி மாரி கீது. அந்தப் பொண்ணு சிரிக்குது. இரு, மெஷினு எண்ணுது... முப்பத்தஞ்சு... முப்பத்தேழு."

"அப்புறம்?"

"முப்பத்தேழு."

"மறுபடி எண்ணச் சொல்லுடா!"

"ரெண்டுவாட்டி எண்ணியாச்சு. காதுகுத்து கீது. மஞ்சத்தண்ணி கீது. நாத்தனாரு மடிச்ச கல்யாணம் கீது. உன் மூஞ்சி இல்ல மாமே."

போனில் கவிப்பிரியாவின் குரல் குறுக்கே வந்தது. "சார், அந்த ஓரத்துல ஒரு மரம்தான் தெரியுது. இன்னும் ஆறு நிமிஷம் பேட்டரி இருக்கு. அதுக்கு மேல நான் அடுத்த திட்டுக்குப் போகணும். முப்பத்தேழுன்னு போட்டுடவா?"

போனை ஸ்பீக்கரில் வைத்திருந்தேன். அங்கம்மா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். எந்த மரம் என்று அவர் திரும்பிப் பார்த்தார். தன் வீட்டைப் பார்த்தார். மனு எழுதியவர், அலைந்தவர், சீட்டில் கிடைத்ததைக் கொடுத்துவிட்டு என்னை வாங்கிக்கொண்டவர். அக்கரைக்குக் கேட்கிற அந்தக் குரலிலிருந்து ஒரு சொல் வரவில்லை. திட்டிவிட்டிருந்தால் தேவலை.

"போடாதம்மா!" என்று கத்திவிட்டு ஓடினேன்.

அறுபத்துமூன்று வயதில் மணலில் ஓடுவது என்பது, பார்க்கிறவர்களுக்குத்தான் ஓட்டம். அரிவாள் படகில் இருந்தது. எடுக்க நேரமில்லை. போனை மணலில் போட்டுவிட்டுக் கிளையை எட்டிப் பிடித்தேன், உள்ளங்கையில் முள் வரிசையாக ஏறியது. இழுத்தேன், வளையவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக் காலைத் தூக்கித் தொங்கினேன்.

என் எடை எண்பத்தாறு கிலோ. குறைக்கச் சொல்லாத டாக்டர் இல்லை, நடைக்குழுவே அதற்காகத்தான். கிளை முனகியது, சாய்ந்தது, கூடாரத்தைவிட்டு மெல்ல விலகிக் கீழே வந்தது. நான் வாழ்நாளில் சேர்த்ததிலேயே பிறருக்குப் பயன்பட்ட ஒரே சொத்து அது.

"இன்னும் தொங்கு!" என்று அங்கம்மா கத்தினார். குரல் திரும்பி வந்துவிட்டது. "காத்துல ஆடுது, விட்றாத! ஏ, ரெண்டு பேரு வந்து அவரு காலப் புடிச்சி இழுங்கடா!"

இரண்டு பேர் வந்து ஆளுக்கொரு காலைப் பிடித்து இழுத்தார்கள். வேட்டியைப் பற்றி நான் அப்போது நினைக்கவில்லை. பிறகு நினைத்தேன். தலைக்கு மேல் வண்டு சத்தம் வந்து நின்றது. முப்பத்தாறு வருடம் எந்தக் கண்ணுக்குப் படாமல் இருப்பது எப்படி என்று வெட்டினேனோ, அந்தக் கண் நேராக என்னைப் பார்த்தது. பக்கத்தில் பன்னிரண்டடியில் நான் சிரித்துக்கொண்டிருந்தேன். மரத்தில் தொங்கிய நானும், வேறு வழியில்லாமல், அண்ணாந்து சிரித்தேன்.

மணலில் கிடந்த போனிலிருந்து சுலைமானின் குரல் வந்தது.

"முப்பத்தெட்டு! மாமே, முப்பத்தெட்டு! விட்றாத, இன்னொரு படம் எடுக்குது. கூரைக்குப் பக்கத்துல ஏதோ தொங்குதே, இன்னான்னு கேக்குது அந்தப் பொண்ணு."

"என்னன்னு சொன்னே?"

"கோமான்னு சொன்னேன்."

"பதிஞ்சாச்சு சார்," என்றது கவிப்பிரியாவின் குரல். "நண்டுத்திட்டு, முப்பத்தெட்டுக் குடும்பம், குடியிருக்கிறார்கள். நீங்க இறங்கலாம்."

இறங்கினேன் என்பதைவிட விழுந்தேன் என்பது சரி. மணலில் உட்கார்ந்துகொண்டேன். எல்லோரும் விசில் அடித்துக்கொண்டிருந்தார்கள். அங்கம்மா எதிரில் வந்து அமர்ந்து, என் கையைப் பிடுங்கிக்கொண்டு முள்ளை எடுக்க ஆரம்பித்தார்.

"மன்னிச்சிடும்மா," என்றேன். "கிளையை நான்தான் விட்டு வெச்சேன். வெட்கமா இருந்துச்சு."

"தெரியும். நேத்தே பாத்தேன். பாவம், மிச்ச கூரை தெரிஞ்சா போதும்னு உட்டுட்டேன். இம்மாம் பெரிய ஆளு, மூஞ்சக் காட்ட இப்டி கூச்சப்படுவியா?" ஒரு முள்ளை இழுத்தார். நான் கத்தினேன். "கத்தாத. இன்னும் ஒம்போது கீது."

முள் எடுத்துக்கொண்டே அவர் மேட்டைப் பார்த்தார். வெயில் ஏறி, பேனர்கள் எல்லாம் கண்ணைப் பறித்தன. அவர் தாடையால் சுட்டிச் சுட்டி, மெதுவாக, தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

"அது காதுகுத்து ஊடு. அது பொறந்தநாளு ஊடு. அது மஞ்சத்தண்ணி ஊடு. அது கல்யாணப் பொண்ணு ஊடு..."

ஒன்றுவிடாமல் முப்பத்தேழையும் சொல்லி முடித்தார். கடைசியாக உடைமரத்தடிக்கு வந்தார்.

"அது சிங்கத்து ஊடா?" என்று நான் கேட்டேன்.

"அது என் ஊடு," என்றார் அங்கம்மா.